மோதலைச் சொன்னதால்தான் கார் பிரீமியம் ஏறியதா?

கேள்வி: 2025 மார்ச் 14

பிப்ரவரி 11 அன்று, தைப்பூசத்துக்காக, இங்கே ரெயூனியன் தீவில் உள்ள சேன் ஆந்த்ரே சென்றிருந்தோம். கோயிலுக்குச் சற்றுத் தள்ளிச் சாலையோரத்தில் காரை நிறுத்திவிட்டுக் காவடி பார்க்கப் போனோம். திரும்பி வந்தபோது பின் பம்பர் உள்ளே நசுங்கிக் கிடந்தது. இடித்தவர் யாரென்று தெரியவில்லை, ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. மறுநாள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். பட்டறையில் 280 யூரோ ஆகும் என்றார்கள். என்னுடையது முழுக் காப்பீடுதான், ஆனால் ஃபிரான்ஷீஸ், அதாவது சேதத்தில் நானே ஏற்க வேண்டிய தொகை, 300 யூரோ. அதனால் ஒரு சதமும் கேட்கவில்லை. இப்போது வந்திருக்கும் ஆண்டுக் கெடு (ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள்) அறிவிப்பில் பிரீமியம் 70 யூரோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. பணமே வாங்காத ஒரு சம்பவத்தைச் சொன்னதற்கு இதுதான் தண்டனையா? இனி எது நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்கிறார் என் மனைவி. அவர் சொல்வதுதான் சரியா?

பதில்: 2025 மார்ச் 14, இரவு

தம்பி, கோபத்தில் எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் அந்த அறிவிப்பை மேசையில் விரித்து வைத்து, மூன்று எண்களைத் தேடி எடுங்கள். முதலாவது, அடிப்படைப் பிரீமியம். இரண்டாவது, போனஸ் மாலுஸ் கெழு, அதாவது விபத்தில்லாமல் ஓட்டினால் இறங்கும் (போனஸ்), நம் பொறுப்பில் இடித்தால் ஏறும் (மாலுஸ்), 0.50க்கும் 3.50க்கும் இடையில் இருக்கும் ஒரு தசம எண். மூன்றாவது, முதல் எண்ணை இரண்டாவதால் பெருக்கி வரும் தொகை. இந்த மூன்றையும் அறிவிப்பில் காட்ட வேண்டும் என்பது விதி. நம்மில் பெரும்பாலோர் கடைசியில் தடித்த எழுத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துவிடுகிறோம்.

இந்த மூன்றையும் நான் பிரித்துப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கெழுவை நிறுவனம் தன் விருப்பம்போல் மாற்ற முடியாது. அதைக் காப்பீட்டுச் சட்டத் தொகுப்பின் ஏ 121-1ஆம் பிரிவும் அதன் இணைப்பும் தீர்மானிக்கின்றன. பிரான்சுக்கு உள்ள அதே விதிதான் நம் தீவுக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு 1.00. பொறுப்புள்ள விபத்து இல்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் 0.95ஆல் பெருக்க வேண்டும். முழுப் பொறுப்பும் நம்முடையது என்றால் 1.25ஆல், பொறுப்பு பாதிப் பாதி என்றால் 1.125ஆல் பெருக்க வேண்டும். நிறுத்தியிருந்த வண்டியை அடையாளம் தெரியாத ஒருவர் இடித்துவிட்டுப் போனால் கெழு ஏறாது, அந்த ஆண்டுக்குரிய 5 விழுக்காட்டுக் கழிவும் தடைபடாது. திருட்டு, தீ, கண்ணாடி உடைதல் ஆகியவற்றுக்கும் இதே சலுகை உண்டு. ஆகவே உங்கள் சம்பவத்தால் கெழு ஏறியிருந்தால் அது பிழை, எழுதிக் கேட்டுத் திருத்த வைக்கலாம். அடிப்படைப் பிரீமியம் ஏறியிருந்தால் கதை வேறு, அதை நிறுவனமே நிர்ணயிக்கிறது.

சென்ற ஆண்டின் அறிவிப்பையும் எடுத்து, இரண்டு ஆண்டுகளின் எண்களையும் அனுப்புங்கள்.

2025 மார்ச் 15

சம்பவம் நடந்தால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று இன்னொருவர் கேட்டார். ஐந்து நாள் என்று அவசரத்தில் பதில் அனுப்பிவிட்டேன். ஐந்து வேலை நாள் என்பதே சரி. எல் 113-2ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் அதற்குக் குறைவான கெடுவை விதிக்க முடியாது, கூடுதலாகத் தரலாம். திருட்டு என்றால் இரண்டு வேலை நாள்.

2025 மார்ச் 17

தம்பியின் எண்கள் வந்துவிட்டன. 2024இல் அடிப்படை 610 யூரோ, கெழு 0.76, கட்டியது 463.60. 2025இல் அடிப்படை 742 யூரோ, கெழு 0.72, கட்ட வேண்டியது 534.24. வித்தியாசம் 70.64.

கெழு ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. விபத்தில்லாத ஓட்டுநருக்குரிய கழிவு உங்களுக்குச் சரியாகவே கிடைத்திருக்கிறது. ஏறியிருப்பது அடிப்படை. அதுவும் 132 யூரோ. கழிவு அதில் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டதால்தான் உங்கள் கண்ணுக்கு 70 மட்டும் தெரிகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சொல்வார்களே, அதுதான் நடந்திருக்கிறது.

அடிப்படை ஏன் ஏறியது என்பதற்கு நிறுவனம் காரணம் எழுதவில்லை. இயற்கைப் பேரிடருக்காகப் பிடிக்கும் கூடுதல் கட்டணம் 2025 ஜனவரி 1 முதல் உயர்ந்தது உண்மைதான். வீடுகளுக்கு 12 விழுக்காடாக இருந்தது 20 ஆயிற்று. வாகனங்களுக்கு, திருட்டு மற்றும் தீக் காப்புக்குரிய தொகையின் மேல் 6 ஆக இருந்தது 9 ஆயிற்று. ஆனால் காரைப் பொறுத்தவரை அது சில யூரோக்களுக்கு மேல் வராது, 132 யூரோவை விளக்காது. மீதி அவர்களுடைய விலை உயர்வு.

இங்கே எனக்கே ஒரு சந்தேகம் எழுகிறது. நீங்கள் தொலைபேசியில் சொன்னதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அடிப்படையை உயர்த்தினார்களோ? சட்டம் கெழுவைத்தான் பூட்டி வைத்திருக்கிறது, அடிப்படையைப் பூட்டவில்லை. இதை இரவு யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

2025 மார்ச் 18

யோசித்ததில், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் விட்டது தெரிகிறது. உங்கள் ஆண்டுக் கெடு எந்தத் தேதி? ஏப்ரல் 1 என்று முதல் பக்கத்தில் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால், கெழுவைக் கணக்கிட அவர்கள் பார்க்கும் பன்னிரண்டு மாதங்கள் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே முடிந்துவிடும். அதாவது 2024 பிப்ரவரி 1 முதல் 2025 ஜனவரி 31 வரை. தைப்பூசம் பிப்ரவரி 11. அந்தச் சம்பவம் இந்த ஆண்டுக் கணக்குக்குள் வரவே வராது, 2026 கெடுவின் கணக்கில்தான் சேரும்.

இந்த இரண்டு மாத இடைவெளியைப் பலர் அறிந்திருக்கவில்லை. கெடுவுக்கு மூன்று வாரம் முன்பு இடித்துவிட்டு, அறிவிப்பில் கெழு இறங்கியிருப்பதைக் கண்டு தப்பித்தோம் என்று மகிழ்ந்து, அடுத்த ஆண்டு அதிர்ந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று. அறிவிப்பின் வலது மேல் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு தேதி இருக்கும். அது என்ன?

2025 மார்ச் 19

பிப்ரவரி 6.

உங்கள் கார் இடிபடுவதற்கு ஐந்து நாள் முன்பே அந்த விலை அச்சாகிவிட்டது. பிப்ரவரி 28இல் கரான்ஸ் புயல் வடக்குக் கரையில் ஏறியதும், மின்சாரம் போனதும், தபால் குவிந்து கிடந்ததுமாகக் கடிதம் உங்கள் கைக்கு வர மார்ச் பிறந்துவிட்டது. நீங்கள் தொலைபேசியில் சொன்னது முதலிலும், பிரீமியம் ஏறிய செய்தி பின்னாலும் உங்களை வந்தடைந்ததால் முதலாவது இரண்டாவதற்குக் காரணமாகத் தோன்றிவிட்டது. அவர்கள் அச்சடித்த வரிசையோ தலைகீழ்.

உங்கள் மனைவியிடம் இந்தத் தேதியைக் காட்டுங்கள். ஆனால் அவர் சொன்னது முற்றிலும் தவறு என்று இப்போதே சொல்லிவிட வேண்டாம். அதைப் பற்றி நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

2025 மார்ச் 20

சேன்த் மரியிலிருந்து ஒருவர், கரான்ஸ் புயலில் மாமரம் முறிந்து காரின் மேல் விழுந்ததைச் சொன்னால் மாலுஸ் வருமா என்று கேட்டிருக்கிறார். வராது. பொறுப்பு இருந்தால்தான் கெழு ஏறும், புயலுக்கு நீங்கள் பொறுப்பில்லை. இயற்கைப் பேரிடர் என்ற அரசாணை அரசிதழில் வெளிவந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம் உண்டு. ஆனால் மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. ஈடு பெற வேண்டுமானால் வண்டியின் சேதத்துக்கான காப்பு ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மரத்தை வெட்டி அகற்றுவதற்கு முன் படம் எடுத்தீர்களா?

2025 மார்ச் 23

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன், அதை எழுதியாக வேண்டும்.

காரைக்காலிலிருந்து திருமணமாகி இந்தத் தீவுக்கு வந்து, ஓட்டுநர் உரிமம் வாங்கி, ஒரு கீறல்கூட இல்லாமல் எட்டு ஆண்டு ஓட்டியதில் என் கெழு 0.64க்கு வந்திருந்தது. 2017 ஜூன் மாதம் ஒரு காலை. ரொட்டிக் கடை வாசலில் பின்னோக்கி எடுத்தபோது, பக்கத்தில் நின்ற வண்டியின் கதவில் என் பம்பரின் மூலை பட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. இறங்கிப் பார்த்தேன். கதவின் நடுவில் ஒரு தோசைக் கரண்டி அளவுக்குக் குழிவு, அதைச் சுற்றி வெள்ளைப் பெயிண்ட் நூல் நூலாக எழும்பி நின்றது. வண்டிக்காரர் ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நல்லவராகத்தான் பேசினார். கொன்ஸ்தா (இரு தரப்பும் நிரப்பிக் கையெழுத்திடும் விபத்துப் படிவம்) எழுத வேண்டாம், இதற்கெல்லாம் நிறுவனத்தைக் கூப்பிட்டால் இருவருக்கும் தொல்லை, 200 யூரோ கொடுத்தால் தெரிந்த பட்டறையில் தட்டிக்கொள்கிறேன் என்றார். எனக்கும் அது வசதியாக இருந்தது. போனஸ் போய்விடுமோ என்ற பயம் வேறு. எதிரே இருந்த இயந்திரத்தில் பணம் எடுத்துக் கையில் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை, பெயரைக்கூடக் கேட்கவில்லை. அவர் மட்டும் என் வண்டி எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது வாரம் என் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பதிவுத் தபால் வந்தது. எதிர்த் தரப்பு தானாக முறையிட்டிருந்தது, படங்களையும் இணைத்திருந்தது. கதவுக்குள் இருந்த கண்ணாடி தூக்கும் பொறியும் பழுதாம். மொத்தம் 1,140 யூரோ. நீங்கள் ஏன் தெரிவிக்கவில்லை என்று ஒரு வரி.

நான் 200 கொடுத்ததைச் சொன்னேன். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று என் மாமியார் அடிக்கடி சொல்வார், அன்றுதான் அதன் பொருள் முழுதாக விளங்கியது. கெடு தவறியதைக் காட்டி நிறுவனம் கையை விரித்துவிடுமோ என்று இரண்டு வாரம் தூங்கவில்லை. தாமதத்தால் தனக்கு இழப்பு நேர்ந்தது என்று நிறுவனம் நிரூபித்தால்தான் காப்பை மறுக்க முடியும் என்று சட்டம் சொல்வது எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் மறுக்கவில்லை, 1,140ஐயும் கட்டினார்கள். முழுப் பொறுப்பும் என்னுடையது என்று பதிந்தார்கள். அது நியாயம்தான், நான்தான் இடித்தேன். 2018 ஜனவரிக் கெடுவில் கெழு 0.80 ஆயிற்று. என் அடிப்படை 700 யூரோ. 448 கட்டியவள் 560 கட்டினேன். 112 யூரோ கூடுதல், அதற்கு மேல் வீணாய்ப் போன 200.

2025 மார்ச் 24

மேலே எழுதிய 112 என்ற கணக்கு தவறு. சேன் பியேரில் கணக்கு வாத்தியாராக இருக்கும் ஓர் அண்ணன் சுட்டிக்காட்டினார், அவர் சொல்வது சரி. நான் 0.64ஐ 0.80உடன் ஒப்பிட்டிருந்தேன். ஆனால் அந்த மோதல் இல்லாதிருந்தால் 2018இல் நான் 0.64இல் நின்றிருக்க மாட்டேன், 0.60க்கு இறங்கியிருப்பேன். ஆகவே முதல் ஆண்டு இழப்பே 140 யூரோ. மேலும், அந்த இழப்பு ஓர் ஆண்டோடு முடிவதில்லை.

மோதல் இல்லாத பாதை: 0.60, 0.57, 0.54, 0.51, பிறகு 2022 முதல் 0.50. நான் நடந்த பாதை: 0.80, 0.76, 0.72, 0.68, 0.64, 0.60, 0.57, இந்த ஆண்டு 0.54, அடுத்த ஆண்டு 0.51, 2027இல்தான் 0.50. ஒவ்வோர் ஆண்டின் வித்தியாசத்தையும் கூட்டினால் 1.10 வருகிறது. அடிப்படை 700ஆகவே இருந்தது என்று வைத்துக்கொண்டால்கூட ஒன்பது ஆண்டுகளில் 770 யூரோ. பாதிப் பொறுப்பு என்று பதிந்திருந்தால் 0.72இல் தொடங்கியிருப்பேன், ஏழு ஆண்டுகளில் 378 யூரோவோடு முடிந்திருக்கும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. 1,140 யூரோ சேதத்தை நிறுவனத்திடம் விட்டது எனக்கு நட்டமில்லை. சேதம் உண்மையிலேயே 200 யூரோவாக இருந்து, அவரும் சொன்ன சொல்லில் நின்றிருந்தால், கையிலிருந்து கொடுத்ததும் நட்டமில்லை. சேதம் எவ்வளவு என்று தெரியாமலேயே, எழுத்தும் இல்லாமல் கொடுத்ததுதான் என் தவறு.

2025 மார்ச் 25

0.50க்கு வந்து மூன்று ஆண்டு ஆனவர்களுக்கு முதல் பொறுப்புள்ள மோதலுக்கு மாலுஸ் இல்லை. இதையும் அந்த அண்ணனே நினைவூட்டினார். அப்படிப்பட்டவர் 400 யூரோவைக் கையிலிருந்து கொடுப்பதற்குக் காரணமே இல்லை. இன்னொன்று, மாலுஸில், அதாவது 1.00க்கு மேல், இருப்பவர் இரண்டு ஆண்டு தொடர்ந்து விபத்தில்லாமல் ஓட்டினால் 1.00க்குத் திரும்பிவிடுவார்.

2025 ஏப்ரல் 2

சின்ன மோதலில் பணமாகத் தீர்த்துக்கொள்ளவே கூடாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். யாருக்கும் அடிபடாமல், வண்டிக்கு மட்டும் சேதம் என்றால் தீர்த்துக்கொள்ளலாம். அடிபட்டிருந்தால், ஒரு சிராய்ப்பாக இருந்தாலும், அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது நான் செய்வது இது. எவ்வளவு சிறிய மோதலாக இருந்தாலும் அந்த இடத்திலேயே கொன்ஸ்தாவை நிரப்புகிறேன். கார் கையுறைப் பெட்டியில் இரண்டு படிவமும், எழுதும் பேனா ஒன்றும் எப்போதும் இருக்கும். நிரப்பி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு தாளை வைத்துக்கொண்ட பிறகு, அனுப்ப ஐந்து வேலை நாள் இருக்கிறது. அந்த நாட்களுக்குள் எதிர்த் தரப்பு பட்டறையில் விலைப்பட்டியல் வாங்கி வரட்டும். தொகை கட்டுப்படியாகுமானால் வங்கிப் பரிமாற்றமாகக் கொடுத்து, இந்தத் தேதியில் நடந்த இந்த மோதலுக்கு முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை என்று இரு வண்டி எண்களோடும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். இழுத்தடித்தால் ஐந்தாம் நாளுக்குள் கொன்ஸ்தா நிறுவனத்துக்குப் போய்விடும். இதைச் சொல்லும்போதே பெரும்பாலோர் நியாயமான தொகைக்கு வந்துவிடுகிறார்கள்.

கொன்ஸ்தாவை நிரப்பும்போது கவனிக்க வேண்டிய இடம், நடுவில் செங்குத்தாக இருக்கும் பன்னிரண்டாம் பகுதி. பதினேழு சூழ்நிலைகள் வரிசையாக இருக்கும், அவற்றின் இரு பக்கமும் சிறு கட்டங்கள். நிறுத்தியிருந்தது, பின்னோக்கி எடுத்தது, வலப்பக்கம் திரும்பியது என்று உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் குறியிட வேண்டும். கீழே, குறியிட்ட கட்டங்கள் எத்தனை என்று எண்ணிக்கையை எழுத வேண்டும். அந்த எண்ணை எழுதாமல் விட்டால், பிறகு ஒரு குறி கூடுதலாக முளைத்தாலும் நம்மால் காட்ட முடியாது. வரைபடமும் கட்டங்களும் முரண்பட்டால் கட்டங்களுக்கே மதிப்பு அதிகம். இருவரும் பிரிந்த பிறகு முன்பக்கத்தில் ஓர் எழுத்தும் சேர்க்கக் கூடாது, பின்பக்கத்தை மட்டும் வீட்டில் உட்கார்ந்து நிரப்பலாம். எதிராளி சொல்வதை நீங்கள் ஏற்கவில்லை என்றால், குறிப்புகள் என்ற இடத்தில் ஏற்கவில்லை என்று எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ரொட்டிக் கடை வாசலில் எனக்குத் தேவைப்பட்டதெல்லாம் இந்தப் பத்து நிமிட வேலைதான்.

2025 ஏப்ரல் 13

மார்ச் 14 அன்று நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

தம்பொனிலிருந்து ஓர் அக்கா தமக்கு வந்த கடிதத்தைப் படித்துக் காட்டினார். பதினைந்து ஆண்டுகளாக அதே நிறுவனம், கெழு 0.50. கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று சம்பவங்கள். இரண்டு முறை சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து வந்து இடித்தார்கள், ஒரு முறை நிறுத்தியிருந்த வண்டியை யாரோ உரசிவிட்டுப் போனார்கள். எதிலும் அவர் பொறுப்பில்லை. உரசியதற்கு அவர் பணமும் கேட்கவில்லை, நம் தம்பியைப் போலவே சொல்லி மட்டும் வைத்தார். கெடுவுக்கு இரண்டு மாதம் முன்னால், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று பதிவுத் தபால். காரணம் என்ற இடத்தில் சம்பவங்களின் எண்ணிக்கை என்று எழுதியிருந்தது, மூன்று என்றும் எண்ணப்பட்டிருந்தது.

சட்டப்படி இதைச் செய்ய அவர்களால் முடியும். எல் 113-12ஆம் பிரிவு, ஆண்டுக் கெடுவில் விலகிக்கொள்ளும் உரிமையை இரு தரப்புக்கும் தருகிறது. நிறுவனம் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லி, காரணத்தையும் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆண்டின் நடுவில் கட்டாயக் காப்பீட்டை நிறுத்துவதுதான் கடினம், அதற்குக் குடித்துவிட்டு ஓட்டி இடித்தது போன்ற காரணம் வேண்டும். அக்காவின் பெயர் இப்போது, ஒப்பந்தம் நிறுத்தப்பட்டவர்களுக்காக நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. அடுத்து அவர் விண்ணப்பித்த இரண்டு இடங்களிலும், உங்கள் ஒப்பந்தத்தை யாராவது நிறுத்தியிருக்கிறார்களா என்ற கேள்விதான் முதலில் வந்ததாம். கெழு 0.50 ஆக இருந்தும் அடிப்படை விலையை உயர்த்திச் சொன்னார்கள். ஒரு தவறும் செய்யாத ஒரு பெண்மணிக்கு இப்படி நேர்வது எனக்குப் பொறுக்கவில்லை. கட்டாயக் காப்பீட்டை யாரும் தர மறுத்தால் பாரிசில் உள்ள மையக் கட்டண நிர்ணய அலுவலகத்துக்கு எழுதலாம் என்று சொன்னேன். அவர் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை.

ஆகவே, சொல்வதால் ஒன்றும் ஆகாது என்று நான் நினைத்தது கெழுவைப் பொறுத்தவரையில் மட்டுமே சரி. பணம் கேட்காத சம்பவமும் எண்ணிக்கையில் சேர்கிறது. அந்த எண்ணிக்கை கெழுவைத் தொடாது, நம்மை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற முடிவைத் தொடும்.

2025 ஏப்ரல் 14

அப்படியானால் எதைத்தான் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்குச் சட்டத்தின் சொற்களையே மறுபடி படித்தேன். நிறுவனத்தின் காப்பைச் செயல்பட வைக்கக்கூடிய சம்பவத்தைத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. இன்னொருவரின் வண்டியோ, மதிலோ, உடம்போ சம்பந்தப்பட்டிருந்தால் அவர் என்றைக்கு வேண்டுமானாலும் கேட்க வரலாம். அதைச் சொல்லியே ஆக வேண்டும், என் 1,140 யூரோவை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியை உங்கள் வீட்டுத் தூணிலேயே உரசிக்கொண்டு, செலவு ஃபிரான்ஷீஸுக்குள் அடங்குகிறது என்றால், நிறுவனம் கொடுக்க எதுவும் இல்லை, யாரும் கேட்டு வரவும் மாட்டார்கள்.

தம்பியின் சம்பவம் இந்த இரண்டாவது வகைக்கு மிக அருகில் இருக்கிறது. இடித்தவர் தெரியாது, செலவு 280, ஃபிரான்ஷீஸ் 300. முதலில் பட்டறையில் விலை கேட்டுவிட்டு, பம்பருக்கு உள்ளே வேறு சேதம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு ஐந்து வேலை நாளுக்குள் முடிவு எடுத்திருக்கலாம். பிப்ரவரி 18 வரை நேரம் இருந்தது. உங்கள் மனைவி சொன்னதில் பாதி சரி, தம்பி. இதை அவரிடம் அவசியம் சொல்லுங்கள்.

2025 மே 6

வேறு நிறுவனத்துக்கு மாற நினைக்கும் தம்பி, விண்ணப்பத்தில் கடந்த 36 மாதங்களில் நேர்ந்த சம்பவங்கள் என்ற கேள்விக்குத் தைப்பூசத்தை எழுத வேண்டுமா என்று கேட்கிறார். எழுதுங்கள். கேட்ட கேள்விக்கு உள்ளபடி பதில் சொல்வது நம் கடமை. தெரிந்தே மறைத்தது நிரூபணமானால் எல் 113-8ஆம் பிரிவின்படி ஒப்பந்தமே செல்லாததாகிவிடும், கட்டிய பிரீமியமும் திரும்பாது. கெட்ட எண்ணம் இல்லாமல் விடுபட்டிருந்தால் எல் 113-9ஆம் பிரிவின்படி, கட்டிய பிரீமியத்துக்கும் கட்டியிருக்க வேண்டிய பிரீமியத்துக்கும் உள்ள விகிதத்தில் ஈட்டுத்தொகையை வெட்டுவார்கள். 280 யூரோ பம்பருக்காக அந்த ஆபத்தை ஏற்காதீர்கள். கேட்காததை நீங்களாக வலியப் போய் எழுத வேண்டியதில்லை.

மாறுவதற்கு முன்னால் பழைய நிறுவனத்திடம் ரெலெவே கேட்டு வாங்குங்கள். அதாவது உங்கள் காப்பீட்டு வரலாற்றுத் தாள். கேட்ட 15 நாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுச் சம்பவங்களின் தேதி, வகை, பொறுப்புப் பங்கு, ஓட்டியவர் பெயர், இன்றைய கெழு எல்லாம் அதில் இருக்கும். புதிய நிறுவனம் விலை சொல்வது இந்தத் தாளைப் பார்த்துத்தான். பொறுப்புப் பங்கு என்ற இடத்தில் பூச்சியம் இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் முதலில் நிறுவனத்தின் குறைகேட்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். இரண்டு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டு நடுவரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

2025 மே 24

ரெலெவே வந்துவிட்டது. ஒரே ஒரு வரி: 11 பிப்ரவரி 2025, நிறுத்தியிருந்தபோது, அடையாளம் தெரியாத தரப்பு, பொறுப்பு 0, கொடுத்தது 0. கெழு 0.72. பிழை இல்லை.

2025 ஜூன் 15

தம்பி மூன்று இடங்களில் விலை கேட்டார். ஓரிடத்தில் அந்த வரியைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை, அடிப்படை 655 சொன்னார்கள். 0.72ஆல் பெருக்கினால் 471.60. ஃபிரான்ஷீஸ் அதே 300. 2015 முதல் நடைமுறையில் உள்ள அமோன் சட்டப்படி, முதல் ஆண்டு முடிந்த ஒப்பந்தத்தை எப்போது வேண்டுமானாலும் விட்டு விலகலாம், பழைய நிறுவனத்துக்கு எழுதும் வேலையையும் புதிய நிறுவனமே செய்யும், ஒரு மாதத்தில் முடியும். ஆகஸ்ட் 1 முதல் புதிய ஒப்பந்தம் தொடங்குகிறது. பழையதில் மீதமுள்ள மாதங்களுக்கான பணம் திரும்ப வரும். பம்பரை அவர் இன்னும் மாற்றவில்லை.

என் ரெலெவேயையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 2017 ஜூன் மோதல் அதில் இல்லை, ஐந்து ஆண்டு கடந்துவிட்டதால் அந்த வரியே போய்விட்டது. சம்பவங்கள் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. அதற்குக் கீழே 0.54 என்று இருக்கிறது.